சோஃபா நிறத்துக்குப் படம் வாங்குகிறவர்கள் அதன் முதுகையும் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு அலங்காரம் பற்றிய பக்கங்களில் 'சோஃபா உறைக்குப் பொருந்தும் நிறத்தில் ஒரு இயற்கைக் காட்சி ஓவியம் மாட்டுங்கள்' என்ற யோசனை அடிக்கடி வருகிறது. மாட்டட்டும், நல்லதுதான். ஆனால் எந்தச் சுவரில், எந்த ஃபிரேமில் என்று யாரும் எழுதுவதில்லை. அசல் ஓவியங்கள், அதிலும் தாளில் வரைந்த வாட்டர்கலர் படங்கள், நம் ஊரில் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான். ஃபிரேம் போடும் தொழிலில் இருப்பதால் படங்களின் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் சுவர். குளியலறையை ஒட்டிய சுவர், சாரல் அடிக்கும் வெளிச்சுவர், பூச்சில் உப்புப் பூத்த சுவர் மூன்றும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளியில்லாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தாலோ சுவர் நிறம் கறுத்திருந்தாலோ அங்கே படம் கூடாது. புதிதாகக் கட்டிய வீட்டில் பூச்சு முழுக்கக் காய ஒரு மழைக்காலமாவது போகட்டும். மாலை வெயில் நேராக விழும் சுவரையும் விட்டுவிடுங்கள். தாளில் உள்ள படத்துக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்ச அளவு 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஜன்னலோரச் சுவரில் அதைப்போலப் பல மடங்கு விழும். ஆலிசரின் கிரிம்சன் போன்ற சில சிவப்புகள்தான் முதலில் வெளிறும். சூரியாஸ்தமனக் காட்சியில் வானம் சாம்பல் பூத்துப்போவது அதனால்தான். எந்த வண்ணங்கள் போட்டீர்கள், வெளிச்சத்தைத் தாங்குமா என்று வாங்கும்போதே ஓவியரிடம் கேட்கலாம். நல்ல ஓவியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது ஃபிரேம். இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரணக் கடைகளில் கண்ணாடி, அதை ஒட்டியே படம், பின்னால் ஹார்டுபோர்டு, சுற்றிலும் பிரவுன் தாள் என்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். படம் நழுவாமலிருக்க செலோ டேப் அல்லது மைதாப் பசை. ஹார்டுபோர்டிலிருந்து அமிலம் கசிந்து, சில வருடங்களில் தாளில் பழுப்பு ஏறுகிறது. மலிவான மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போட்டிருந்தால் அதன் வெட்டு விளிம்பை ஒட்டிப் படத்தைச் சுற்றி ஒரு தேன்நிறக் கோடு விழும். செலோ டேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது மிகக் கடினம். மைதாவுக்கு ராமபாணப் பூச்சி வரும். அதைத் தடுக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. அதிலுள்ள செம்பு தாளையே நொறுங்க வைக்கும். கண்ணாடியை ஒட்டிய படத்தில் மழைக்காலத்து ஈரம் கோத்துக்கொண்டு பூஞ்சைப் புள்ளிகள் வரும், சமயத்தில் வண்ணமே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள். முன்னால் ஜன்னல் வெட்டிய மவுண்ட், பின்னால் முழு அட்டை, இரண்டும் அமிலமில்லாதவை. படத்தின் மேல் ஓரத்தில் மட்டும், மெல்லிய, உறுதியான ஜப்பானியத் தாள் துண்டுகளால், ஸ்டார்ச் பசை வைத்து, இரண்டே இடத்தில் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் தாள் ஈரத்தில் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பிவிடும். எழும்பிய படத்தை இஸ்திரி போட்டவர்களும் உண்டு. அது வேறு கதை. மவுண்டின் கனமே கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி தரும். ஃபிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் அரை சென்டிமீட்டர் கனத்தில் ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். பல்லியும் அங்கே குடியேறும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், கழற்றிப் பார்ப்பது நல்லது.

கான்வாஸில் வரைந்த ஆயில் ஓவியத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் பூஜை அறைக்கு எதிரே மாட்டாதீர்கள். விளக்குப் புகையும் ஊதுவத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்து வானத்தை மங்கடிக்கும். துடைக்க ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், உருளைக்கிழங்குத் துண்டு எதுவும் வேண்டாம். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும். வார்னிஷ் பூச ஓவியம் முடிந்து 6 முதல் 12 மாதம் காத்திருப்பது வழக்கம். அவசரப்பட்டால் உள்ளே காயாத வண்ணத்தின் மேல் வார்னிஷ் இறுகி வெடிப்பு விடும். வீடு மாறும்போது சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, தடித்த குழாயில் சுருட்டுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருக்குண்டு மடிந்து உதிரும்.

அசல்தானா என்று பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். அச்சுப்படத்தில் ஒழுங்கான வண்ணப்புள்ளிகளோ பொடிப்பொடியான மைத்தெளிப்போ தெரியும். வாட்டர்கலரில் அல்ட்ராமரீன் நீலம் தாளின் குழிகளில் பொடியாகத் தங்கியிருக்கும், வெளிர்ந்த இடங்களில் அடியிலுள்ள பென்சில் கோடு தெரியும். கான்வாஸ் பிரிண்ட் மேல் நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் இழுத்து ஆயில் என்று விற்பதும் நடக்கிறது. அதில் தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகும், படத்திலுள்ள மரமும் அலையும் வேறு பக்கம் போகும். பழைய மெட்ராஸ் காட்சிகளுக்கும் இதே சோதனைதான். ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792–93இல் தென்னிந்தியாவில் சுற்றி வரைந்தவை பிறகு லண்டனில் செப்புத்தகட்டு அச்சாக வந்து, கையால் வண்ணமிடப்பட்டவை. லென்ஸில் வரிசைப் புள்ளி தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் (இயந்திர அச்சு) பிரதி.

மாட்டும் உயரம்: படத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். தரையில் அமர்ந்து பேசும் கூடமானால் இன்னும் அரை அடி இறக்கலாம். சோஃபாவுக்கு மேலே என்றால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு படம் இருக்கட்டும், சாய்மானத்திலிருந்து 6–8 அங்குல இடைவெளி விடுங்கள். வாட்டர்கலர் முழுத்தாள் 22க்கு 30 அங்குலம்; மவுண்டும் ஃபிரேமும் சேர்ந்தால் ஏறத்தாழ 30க்கு 38 ஆகிவிடும். பலர் இதைக் கணக்கில் எடுக்காமல் பெரிய படமாக வாங்கிவிடுகிறார்கள். கண்ணாடி போட்ட படத்துக்கு ஆணி அடிக்காதீர்கள். 6 மி.மீ. துளை போட்டு, பிளக் செருகி, திருகாணி இரண்டு, படத்தின் பின்னால் வளையம் இரண்டு. இலேசான ஏ.ஏ.சி. கல் (காற்றுத்துளைகள் நிறைந்த கான்கிரீட் கல்) சுவராக இருந்தால் அதற்கென உள்ள பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பிளக் கழன்று வந்துவிடும்.

வாங்க ஆயிரம் மைல் போக வேண்டாம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசுக் கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகளில் நல்ல நிலக்காட்சிகள் நியாயமான விலைக்குக் கிடைக்கும். ரசீதில் ஓவியர் பெயர், ஆண்டு, அளவு, ஊடகம், தாளின் விவரம் இருக்கட்டும். பருத்தித் தாளா மரக்கூழ்த் தாளா என்பது முக்கியம். மரக்கூழ் சீக்கிரம் மஞ்சளாகும்.

இன்னொன்று: தயாராக இருக்கும் ஓவியத்தை வாங்கினால் படம்தான் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. காலண்டரிலோ திருமணப் பத்திரிகையிலோ அச்சிட அவர் அனுமதி வேண்டும். பணம் கொடுத்து, சொல்லி வரையவைத்த ஓவியத்தில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை வரையச் சொன்னவருக்குப் போகும். ஓவியர்களில் பலருக்கே இது தெரியாததால், வேலை தொடங்குமுன் இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஃபிரேம் தொழிலில் உள்ள வாசகர்,
மயிலாப்பூர், சென்னை