பாப்பா ஓடுறத நிறுத்திட்டான்னு சொன்னியே

அன்புள்ள கண்ணா,

போன்ல பேசும்போது நீ போற போக்குல சொன்ன ஒரு விஷயம் மனசுல உக்காந்துகிட்டு போகவே மாட்டேங்குது. பாப்பா ரன்னிங் போறத விட்டுட்டாளாம், அண்ணன் கூட ஓடுனா இப்பல்லாம் தோத்துடுறாளாம், கேட்டா எனக்கு இது வராதுங்குறாளாம். "பொம்பளப் புள்ள தானம்மா, இந்த வயசுல அப்படித்தான் ஆகும், விடு"ன்னு நீயும் சொல்லிட்ட. நேர்ல பேசுனா பாதியிலயே எனக்கு கோவம் வந்துரும், அதான் உக்காந்து டைப் பண்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படி, மருமகளையும் படிக்க சொல்லு.

போன வருஷம் வரைக்கும் அவதான அவன முந்துனா? அதுக்கும் காரணம் இருக்கு, இப்ப அவன் முந்துறதுக்கும் காரணம் இருக்கு. சின்ன வயசுல பையன் உடம்புக்கும் பொண்ணு உடம்புக்கும் ஓட்டத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. பருவ மாற்றம் பொண்ணுங்களுக்கு 8ல இருந்து 13 வயசுக்குள்ள எப்ப வேணா ஆரம்பிக்கும், பசங்களுக்கு 9ல இருந்து 14. மளமளன்னு உயரம் ஏறுற காலம் பொண்ணுங்களுக்கு 12 வயசு வாக்குல உச்சத்துக்கு வரும், பசங்களுக்கு அதுல இருந்து ஒரு 2 வருஷம் தள்ளி. போன வருஷம் பாப்பா வளர்ந்துட்டா, பெரியவன் இன்னும் வளர ஆரம்பிக்கல. இப்ப அவன் முறை வந்துருக்கு. டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஆண் ஹார்மோன் ஏற ஏற தசை கூடும், இதயம் பெருசாகும், ரத்தத்துல ஹீமோகுளோபின் கூடும், அப்ப தசைக்கு போற ஆக்சிஜனும் கூடும். அவ உடம்புல அதே நேரத்துல ஈஸ்ட்ரோஜன்ங்குற பெண் ஹார்மோன் வேல செய்யுது, இடுப்பு அகலமாகுது, கொஞ்சம் கொழுப்பு சேருது, அது சேரணும், அது இல்லாம மாதவிடாய் ஒழுங்கா வராது. இதுல யாரும் யாரையும் ஜெயிக்கல. ரெண்டு உடம்பும் அதது வேலைய செஞ்சுகிட்டு இருக்கு. ஆனா இத யாரும் அந்தப் புள்ளைக்கு எடுத்து சொல்லலன்னா அவ என்ன நினைப்பா? போன வருஷம் நல்லா ஓடுனேன், இப்ப முடியல, அப்ப என்கிட்டதான் ஏதோ குறைன்னு தானே நினைப்பா.

உலகத்துலயே வேகமா ஓடுன ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் 100 மீட்டர்ல எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 2009ல உசைன் போல்ட் ஓடுனது 9.58 செகண்டு, 1988ல ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் ஓடுனது 10.49. ஒரு செகண்டு கூட முழுசா இல்ல. அந்த மட்டத்துல அது பெரிய இடைவெளிதான், நான் மறுக்கல. ஆனா நம்ம வீட்டு அளவுல தினம் பழகுற ஒரு பொண்ணு, பழகாம சோபால கெடக்குற ஒரு பையன தாராளமா முந்திட்டு போவா. நான் பி.டி. டீச்சரா இருந்த காலம் முழுக்க இத கண்ணால பாத்துருக்கேன். இயற்கை குடுத்த வித்தியாசம் ஒரு பங்குன்னா, நாம பழக்கத்துல உண்டாக்குற வித்தியாசம் அதவிட பெருசு, அதத்தான் நீ "விடு"ன்னு சொல்லி இன்னும் பெருசாக்குற.

உலக சுகாதார நிறுவனத்து ஆராய்ச்சியாளருங்க 146 நாடுகள்ல 11ல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பள்ளிக்கூட பிள்ளைங்க கணக்க எடுத்து 2019ல வெளியிட்டாங்க. 2016 நிலவரப்படி பசங்கள்ல 78 சதவீதம், பொண்ணுங்கள்ல 85 சதவீதம் தேவையான அளவு உடம்ப அசைக்கிறதே இல்ல. அதுல எனக்கு ரொம்ப உறுத்துனது வேற. 2001ல பசங்க 80ல இருந்தவங்க 78க்கு வந்தாங்க, பொண்ணுங்க கணக்கு 85லயே நின்னுபோச்சு. அந்த 146 நாடுகள்ல நாலே நாலு நாடு தவிர எல்லாத்துலயும் பசங்கள விட பொண்ணுங்கதான் கம்மியா உடம்ப அசைக்கிறாங்க. உடம்பு வாகு மட்டும் காரணம்னா வித்தியாசம் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரில்ல இருக்கணும்? சில நாட்டுல இடைவெளி பெருசு, சில நாட்டுல ரொம்ப கம்மி. அப்ப அது கிரௌண்டு யாருக்கு கிடைக்குது, யார வீட்ல இருந்து அனுப்புறாங்கங்குறதுல தான இருக்கு? அதுக்காக பசங்க நல்லா இருக்காங்கன்னும் நினைச்சுக்காத, 78ங்குறது பெருமைப்படுற நம்பர் இல்ல.

பொண்ணுங்க உடம்பு தாங்காதுங்குற பேச்சு புதுசு இல்லடா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல பொம்பளைங்களுக்கு 800 மீட்டர் வச்சாங்க, முடிச்சவங்க களைச்சுப்போய் உக்காந்தத பெரிய கதையா எழுதி அந்தப் போட்டியவே தூக்கிட்டாங்க, மறுபடி 1960ல தான் வச்சாங்க. 800 மீட்டர் ஓடி முடிச்சா ஆம்பளையும் தான் தரைல விழுவான். மாரத்தான் பொம்பளைங்களுக்கு ஒலிம்பிக்ல வந்தது 1984ல தான். எத்தன தலைமுறை புள்ளைங்க ஓட வேண்டியது ஓடாமலே போயிருச்சு பாரு.

இப்ப பாப்பா விஷயத்துக்கு வரேன். பொண்ணுங்க ஏன் நிறுத்துறாங்கன்னு நான் கிட்ட இருந்து பாத்துருக்கேன். நேத்து வரைக்கும் கைய வீசி ஓடுன புள்ள திடீர்னு தோள முன்னாடி கூனி, முழங்கைய நெஞ்சோட ஒட்டி வச்சுகிட்டு சின்ன சின்ன எட்டா வச்சு ஓடும். மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே ஓரமா வந்து நின்னுக்கும். கால்ல ஒண்ணும் இருக்காது, நெஞ்சு வலிக்கும், யாராவது பாக்குறாங்களோன்னு கூச்சம் வேற. சரியான அளவுல ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் குடுத்ததும் அடுத்த வாரமே கை பழையபடி வீச ஆரம்பிக்கும். இத நீ கேக்காத, மருமகள கேக்க சொல்லு, ஆனா காசு குடுக்கும்போது "இதெல்லாம் எதுக்கு"ன்னு மட்டும் சொல்லிராத.

பீரியட்ஸும் அப்படித்தான். அந்த நாள்ல ஓடக்கூடாதுன்னு மருத்துவத்துல எந்த தடையும் கிடையாது, லேசா உடம்ப அசைச்சா நிறைய பேருக்கு வலி குறையவே செய்யும். வலி தாங்கலன்னா அன்னைக்கு ரெஸ்ட் எடுக்கட்டும், மாசாமாசம் சுருண்டு படுக்குற அளவுக்கு வலின்னா டாக்டர்கிட்ட காட்டணும், பொறுத்துக்கோன்னு சொல்லக்கூடாது. பாதி புள்ளைங்க நிக்கிறது வலிக்காக இல்ல, கறை பட்டுருமோங்குற பயத்துல. எல்லாம் வெள்ளைலதான் போடணும்னு கறாரா இருந்த விம்பிள்டன்லயே 2023ல இருந்து பொம்பளைங்க உள்ள டார்க் கலர் ஷார்ட்ஸ் போட்டுக்கலாம்னு மாத்திட்டாங்க. அவ ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டிரஸ் என்ன கலர்னு பாரு, வெளிர் கலரா இருந்தா நீயே போய் பேசு. அப்பா போய் பேசுனா ஒண்ணும் குறைஞ்சுபோயிராது.

அப்புறம் அவ சோர்வா இருக்கான்னு சொன்னல்ல, அத சோம்பேறித்தனம்னு முடிவு பண்ணாத. மாசாமாசம் ரத்தம் போறதால இரும்புச்சத்து அவளுக்கு கூடுதலா வேணும், 14ல இருந்து 18 வயசுக்கு பொண்ணுங்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், பசங்களுக்கு 11ன்னு அமெரிக்க சத்துணவு பரிந்துரைல இருக்கு. ஹீமோகுளோபின் 12க்கு கீழ போனா ரத்தசோகை. ஆனா ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் உள்ள இருப்பு காலியா இருக்கலாம், அத ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட்ல பாக்கலாம். ரெண்டையும் சேர்த்து எடுக்க சொல்லு. இரும்புச்சத்து கம்மியா இருக்குற புள்ளைய ஓடு ஓடுன்னா மாடி ஏறவே மூச்சு வாங்கும், எங்க இருந்து ஓடும்?

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். அவ சாப்பாட்ட குறைக்கிறாளான்னு கவனி. இடுப்பு அகலமாகுறது வளர்ச்சின்னு தெரியாம, குண்டாயிட்டேன்னு நினைச்சு பட்டினி கெடக்குற புள்ளைங்க நிறைய. விளையாடுற அளவுக்கு சாப்பிடலன்னா உடம்பு ஒவ்வொரு வேலையா நிறுத்தும், மொதல்ல பீரியட்ஸ் நிக்கும், அப்புறம் எலும்பு மெலியும். 3 மாசம் தொடர்ந்து வரலன்னா நேரா டாக்டர்தான். ஒலிம்பிக் கமிட்டி 2014ல இதுக்குன்னு தனியா அறிக்கையே விட்டுருக்கு, பசங்களுக்கும் இது வரும்னு அதுலயே சொல்லிருக்காங்க. எலும்பு விஷயத்துல இந்த வயச தவறவிட்டா திரும்ப கிடைக்காது கண்ணா, உச்சபட்ச எலும்பு பலத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் பொண்ணுங்களுக்கு 18 வயசுக்குள்ள, பசங்களுக்கு 20க்குள்ள சேந்துரும். இந்த எலும்ப வச்சுத்தான் அவ என் வயசுல நடக்கணும். குதிக்கிறது, ஓடுறது, ஸ்கிப்பிங், எடை தூக்குறது, இதெல்லாம் அந்த பேங்க்ல போடுற காசு.

எடை தூக்குறதுன்னதும் பெரியவன் ஞாபகம் வருது. ஜிம்முக்கு போறேன்னு நிக்கிறான்னு சொன்ன, வளர்ச்சி நின்னுரும்னு பயப்படுற. அது கட்டுக்கதை. சரியா சொல்லித்தர ஆள் இருந்து, முறைய மொதல்ல பழகி, கம்மி எடைல இருந்து மெதுவா ஏத்துனா அந்த வயசுல தாராளமா செய்யலாம், தங்கச்சியும் கூடவே செய்யலாம், செய்யணும். அவளுக்கு கை கால் ஆம்பள மாதிரி ஆயிரும்னு யாராவது சொன்னா காதுல வாங்காத, அதுக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அவ உடம்புல கிடையாது, பலம் மட்டும் வரும். பயப்பட வேண்டியது வேற எடத்துல. போன்ல பாக்குற உடம்பு ரெண்டு மாசத்துல வரணும்னு அவசரப்படுறாம்பாரு, அங்கதான். புரோட்டீன் பவுடர் டப்பால என்னென்ன கலந்துருக்குன்னு வெளிய இருந்து தெரியாது, சாப்பாட்டுலயே போதுமான புரோட்டீன் கிடைக்கிற வயசு அது. எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். யாராவது ஸ்டீராய்டுன்னு பேச்செடுத்தா அங்கயே அவன நிறுத்து, எலும்பு வளர்ற முனை சீக்கிரம் மூடிக்கும், இருக்குற உயரத்தோட நின்னுருவான், விரையும் சுருங்கும். இத வெக்கப்படாம அவன்கிட்ட நீதான் சொல்லணும், வேற யார் சொல்லுவா?

அவனோட வகுப்புல சில பசங்களுக்கு மீசை வந்துருக்கும், அவனுக்கு இன்னும் வரலன்னு உள்ளுக்குள்ள புழுங்கிட்டு இருப்பான். பசங்க வெளிய சொல்ல மாட்டாங்க. அவனையும் யாரோடயும் ஒப்பிடாத. தங்கச்சிய முந்துறதுல அவனுக்கு வர்ற சந்தோஷத்த கெடுக்க வேண்டாம், ஆனா அத வச்சு அவள கேலி பண்ண விடாத.

முட்டிக்கு கீழ வலிக்குதுன்னான்ல? முட்டி சில்லுக்கு கொஞ்சம் கீழ எலும்பு புடைச்சு, தொட்டா சுருக்குன்னு வலிச்சா, அது வேகமா வளர்ற பிள்ளைங்களுக்கு வழக்கமா வர்றதுதான், தசைநார் இழுக்குற எடம் அது. குதிக்கிறத கொஞ்ச நாள் குறைச்சா சரியாகும், வீங்குனாலோ ராத்திரி வலிச்சாலோ காட்டிரணும். பாப்பாவுக்கு முட்டில வேற ஆபத்து. குதிச்சு எறங்கும்போது பொண்ணுங்களுக்கு ரெண்டு முட்டியும் உள்பக்கமா மடங்குறது அதிகம், அதுவும் ஒரு காரணமா, முட்டிக்குள்ள எலும்புகள சேத்துப் பிடிக்கிற ஏசிஎல்ங்குற நார் கிழியுறது அதே விளையாட்ட ஆடுற பசங்கள விட அவங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி. ஒரு படிமேல இருந்து குதிக்க சொல்லி முன்னாடி நின்னு பாரு. முட்டி பாத விரலுக்கு நேரா நிக்கணும், சத்தமில்லாம மெத்துன்னு எறங்கணும். ஃபிஃபா 11 பிளஸ்னு 20 நிமிஷ வார்ம் அப் ஒண்ணு இருக்கு, நெட்ல கிடைக்கும், வாரத்துல ரெண்டு மூணு தடவ செஞ்சா காயம் நல்லாவே குறையுது. ரெண்டு பேரும் சேந்து செய்யட்டும்.

மத்தபடி ரெண்டு பேருக்கும் பொதுவானதுதான். சராசரியா தினம் 60 நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி ஏதாவது, அதுல வாரத்துல 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேல. தூக்கம் 8ல இருந்து 10 மணி நேரம். இந்த வயசுல தூக்கமே லேட்டாத்தான் வரும், மூளை அப்படி மாறுது, அதுக்கு திட்டாத, ஆனா போன் ராத்திரி அவங்க ரூம்ல இருக்க வேண்டாம். உன் போனும் வெளிய இருந்தா கேப்பாங்க.

பாப்பாகிட்ட மறுபடி ஓடுன்னு சொல்லாத. என்ன புடிக்குதுன்னு கேளு. நீச்சலோ டான்ஸோ பேட்மிண்டனோ, எதுவானாலும் சரி. திரும்ப ஓடணும்னா அவ போன மாச நேரத்த எழுதி வச்சு அதோட மட்டும் பாக்க சொல்லு. ஞாயித்துக்கிழம பெரியவனோட நீ விளையாடப் போறல்ல, அவளையும் கூப்பிடு, ஸ்கோர் எழுதுறதுக்கு இல்ல, விளையாடுறதுக்கு. ரத்த டெஸ்ட் இந்த வாரமே எடுத்துருங்க, ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா