சரக்கொன்றை எங்கே?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளியான ‘வீட்டுக்கு அழகு மரங்கள்’ கட்டுரை கண்டேன். அதில் பரிந்துரைத்த மூன்றில் ஒன்றுகூட நம் மண்ணின் மரமல்ல. குல்மொஹருக்குத் தாயகம் மடகாஸ்கர். தூங்குமூஞ்சியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பெயரைக் கேட்டால் கோயிலிலேயே பிறந்தது போலிருக்கும் நாகலிங்கமும் அப்படித்தான்! வந்த மரங்களோடு எனக்குப் பகையில்லை. ஆனால், குடை போல விரியும் தூங்குமூஞ்சியைச் சின்னத் தோட்டத்தில் வைத்துவிட்டு, அப்புறம் ஆண்டுதோறும் கிளை வெட்டிக்கொண்டிருப்பானேன்? அளவான இடத்துக்குச் சரக்கொன்றை, மந்தாரை, நிழலும் மணமும் வேண்டுமென்றால் மகிழம் என நம்மிடமே இருக்கின்றனவே.

எங்கள் வாசலில் நிற்பது சரக்கொன்றை. ஒரு கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட, பட்டுப்போனது என்று வெட்ட ஆளைக்கூடச் சொல்லிவிட்டோம். அவர் வருவதற்குள் மொட்டைக் கிளைகளில் பச்சை மணிகளாக மொட்டுச்சரங்கள் இறங்கிவிட்டன; பத்தே நாளில் மரம் முழுக்க மஞ்சள். மழைக்குப் பின் பச்சைப் புழுக்கள் இலைகளைக் கடித்துத் துளைக்கும். மருந்தடிக்காமல் விட்டால், வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாக அவை வாசலிலேயே பறக்கும். இலையும் மறுபடி துளிர்த்துவிடும்.

இனி இத்தகைய கட்டுரைகளில் பூவின் படத்தோடு மரத்தின் தாயகம், முழு வளர்ச்சியில் அதன் உயரம், அகலம், இலை உதிரும் மாதம் ஆகியவற்றையும் ஒரு சிறு பெட்டியில் அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்