படுதா தூக்கும் முன் சொல்ல வேண்டிய நன்றி

எங்கள் நாடகக் குழுவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்ததும் எங்கள் கோடை நாடகங்கள் தொடங்குகின்றன. அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகள், மூன்று நகைச்சுவை நாடகங்கள். வழக்கமாக நன்றியுரையைக் கடைசி நாளில்தான் படிப்போம். ஜனங்கள் வீட்டுக்குப் போக பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எழுந்துகொண்டிருப்பார்கள். மைக்கில் யார் பெயரைச் சொன்னாலும் காதில் விழாது. இந்த முறை அப்படி வேண்டாம் என்று நினைத்தேன். மேடையில் வரும் பன்னிரண்டு பேரை நீங்கள் எப்படியும் பார்க்கப் போகிறீர்கள். அவர்களை அங்கே கொண்டு வந்து நிறுத்தியவர்களைப் பற்றி முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, திருவல்லிக்கேணியில் நாங்கள் சாமான் வைத்திருந்த கீழ்த்தள அறையில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்றாம் நாள்தான் கதவைத் திறக்க முடிந்தது. டோப்பாக்கள், உடைகள், இருபது வருடமாகச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் சேறாகக் கிடந்தன. செட்டுக்கான தட்டிகளைத் தூக்கினால் துணி கையோடு வந்தது. இனி நாடகம் கிடையாது என்றே அன்றைக்கு முடிவு செய்தோம்.

அந்த முடிவை மாற்றியவர் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன். ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "துணிதான் போச்சு தம்பி, மரம் தேக்கு. ஒண்ணும் ஆகல" என்றார். பதினோரு சட்டங்களையும் தன் பட்டறை மாடியில் நிழலில் உலர்த்தினார். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும் என்று ஒவ்வொரு நாளும் புரட்டிப் போட்டார். அப்புறம் மைதா மாவுப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, புதுக் காடாத்துணியை இழுத்து ஒட்டினோம். கூலி என்று பேச்சு எடுத்தபோது, மூன்று நாடகத்துக்கும் குடும்பத்தோடு வருவேன், அது போதும் என்றார். அண்ணா, அந்தத் தட்டிகள்தான் இந்த வருடம் ஜமீன் வீடாகவும் அடுக்குமாடிக் குடியிருப்பாகவும் கல்யாண மண்டபமாகவும் நிற்கப் போகின்றன.

முதல் நாடகம் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'. எஜமானுக்கும் அதே பெயர், வேலைக்காரனுக்கும் அதே பெயர், இரண்டு பேருக்கும் புத்தி கொஞ்சம் மந்தம். 1941-ல் வந்த படம் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அது மேடைக்கென்று பிறந்தது. எங்களைப் போல வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் நடிப்பவர்களுக்கு அவர்தான் மூத்தவர். 1891-ல் பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச வினோதினி சபையின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்தார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறி நடித்தது அவரை உலுக்கிவிட்டது. அதே வருடம் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிற்பாடு நீதிபதியாக இருந்தவர். 1964-ல் மறைந்தார். புயலுக்குப் பிறகு எதில் தொடங்குவது என்று பேச்சு வந்தபோது, அவரிடமிருந்தே தொடங்கலாம் என்பதில் எங்களுக்குள் இரண்டாம் பேச்சே இல்லை.

அந்தக் காலத்து உடைக்கு எங்கே போவது? ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தன் அப்பாவின் அல்பாகா கோட்டையும் சரிகைத் தலைப்பாகைத் துணியையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். ரசகற்பூர உருண்டை வாசனை இன்னும் போகவில்லை. கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. எங்கள் நடிகரை உட்காரவைத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்பா கட்டுகிற மாதிரியே கட்டிக் காட்டினார். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து கற்றுக்கொடுத்தார். ஐயா, அந்தக் கோட்டை நாங்கள் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

நகைச்சுவை நாடகத்தில் வசனத்தைப் பேசக் கற்பது பாதி வேலைதான். பேசிவிட்டு நிற்கக் கற்பது மீதி. சிரிப்பு எழும்பும்போது அடுத்த வசனத்தைப் பேசினால் யாருக்கும் கேட்காது. முழுக்க அடங்கும் வரை நின்றாலோ மேடை செத்துப்போகும். உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். வெற்று மொட்டை மாடியில், சிரிக்க ஆளே இல்லாமல் இதை எப்படிப் பழகுவது? அறுபதுகளிலிருந்து சபா மேடைகளில் நடித்த பெரியவர் ஒருவர் வழி சொன்னார். மாம்பலத்திலிருந்து வாரம் மூன்று நாள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். சிரிப்பு வர வேண்டிய இடம் வந்ததும் வலது கையை மெதுவாகத் தோளுக்கு மேல் தூக்குவார். அதுதான் ஜனங்களின் சிரிப்பு. கை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதும் அடுத்த வசனம் வர வேண்டும். முன்னால் வந்தால் மறுபடி முதலிலிருந்து. எண்பத்திரண்டு வயதில், இரவு பத்து மணி வரை, அந்தக் கை எத்தனை தரம் ஏறி இறங்கியிருக்கும்! ஐயா, எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து அதுதான்.

மாடி கொடுத்த மாமிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆறு மாதம் எங்கள் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டார். தினமும் ஒன்பது மணிக்கு ஒரு பிளாஸ்க் சுக்குக் காபி வரும். அது மட்டுமில்லை. வேலைக்கார சபாபதி முதல்முறை உள்ளே வரும் இடத்தில், கீழே சமையலறையிலிருந்து மாமியின் சிரிப்பு தினமும் கேட்கும். ஒரு நாள் கேட்கவில்லை. பெரியவர் ஒத்திகையை நிறுத்திவிட்டார். மறுபடி செய்து பார்த்ததில், நடிகர் ஒரு அடி எடுத்துவைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்திருந்தது தெரிந்தது. சரிசெய்தோம். கீழேயிருந்து சிரிப்பு வந்தது.

மைக் செட் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே தொங்கும் நான்கு மைக்கும் முன்னால் தரையில் ஒன்றும்தான் எங்களிடம் இருக்கின்றன. தரை மைக்கில் காலடிச் சத்தம் இடி மாதிரி விழுந்தது. அவர் வீட்டிலிருந்து பவானி ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து நான்காக மடித்து மைக்குக்கு அடியில் போட்டார். அப்புறம் அரங்கின் கடைசி வரிசைக்குப் போய் நின்று, கேட்கிறதா இல்லையா என்று எங்களுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி வரிசைக்கு வசனம் போய்ச் சேராவிட்டால் முன்வரிசை மட்டும் சிரிக்கும். அப்படிச் சிரித்தால் அது நாடகமே இல்லை என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

இரண்டாவது நாடகம் எங்கள் சொந்த எழுத்து. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் ஒரு நாளைப் பற்றியது. முதல் பிரதியில் ஆட்களை வரிசையில் நிற்க வைத்திருந்தோம். லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் ஒத்திகை பார்த்துவிட்டு, "ஆளு எங்க சார் நிப்பாங்க? குடம்தான் நிக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் காட்சியே மாறிவிட்டது. இப்போது படுதா தூக்கியதும் மேடையில் மனிதர்கள் யாரும் இல்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று பதினெட்டு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். பதினெட்டும் அக்கம்பக்கத்து வீட்டு அக்காக்கள் கொடுத்தவை. எந்தக் குடம் யாருடையது என்று அடியில் எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, ஒரே மண்டபத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். அதன் சமையல்கட்டுக் காட்சிக்கு அண்டாவும் கரண்டியும் கொடுத்த சமையல் கான்ட்ராக்டருக்கு நன்றி.

பேசி வைத்திருந்த அரங்கம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. ஒரே நாளில் தன் பள்ளிக்கூட அரங்கைத் திறந்துவிட்ட தலைமையாசிரியைக்கு, சைடு விங்கில் இருட்டில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் கல்லூரி மாணவிக்கு, மேக்கப் அண்ணனுக்கு, மூன்று நாடகத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டி டிக்கெட் வாங்கிய நூற்று நாற்பது குடும்பங்களுக்கு, நாங்கள் ஒத்திகைக்குப் போன இரவுகளில் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நாடகம் சரியாக ஏழு மணிக்குத் தொடங்கும். மாமி, உங்களுக்கும் மாமாவுக்கும் முதல் வரிசை நடுவில் இரண்டு நாற்காலியில் துண்டு போட்டு வைத்திருக்கிறோம். பக்கத்து நாற்காலி பெரியவருடையது. அன்றைக்கு அவர் கையைத் தூக்க வேண்டாம்.

அன்புடன்,
குழுவினர் அனைவர் சார்பாக,
செயலாளர்
திருவல்லிக்கேணி, சென்னை