ஆடம்ஸ்டவுனில் கிடைத்த பால் வண்டி

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தச்சுப் பட்டறையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கிறாயாமே! நீயாவது, சும்மா உட்காருவதாவது. உனக்கென்றே ஒரு சங்கதி வைத்திருக்கிறேன்.

இங்கே அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் ஆடம்ஸ்டவுன் என்று ஓர் ஊர், பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே ஒரு மரக்குதிரையும் அது இழுக்கும் பால் வண்டியும் வாங்கினேன். யாரோ வீட்டிலேயே செய்த பொம்மை. பெயர், தேதி எதுவும் கிடையாது. முகம் குதிரையா கழுதையா என்று பட்டிமன்றமே வைக்கலாம். ஆனால் சேணத்தைப் பார்க்கணுமே! அசல் தோல். கழுத்துப் பட்டையிலிருந்து ஏர்க்கால் வரை ஒவ்வொரு வாரும் அதனதன் இடத்தில் இருக்கிறது. தினம் குதிரை பூட்டியவன் கைவேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலத்துப் பால் வண்டிக் குதிரைகளுக்குத் தெருவே மனப்பாடம். பால்காரர் புட்டியோடு வாசல் வாசலாக ஏறி இறங்க, குதிரை தானே அடுத்த வீட்டு முன்னால் போய் நிற்கும்.

வண்டிப் பலகை சுருட்டுப் பெட்டி மரம். 1860-களில் வந்த வரிச் சட்டப்படி சுருட்டைப் பெட்டியில்தான் விற்க வேண்டியிருந்தது. காலிப் பெட்டியில் மறுபடி சுருட்டு அடைக்கக் கூடாதென்றும் இருந்தது. அதனால் நல்ல மெல்லிய பலகை வீட்டுக்கு வீடு சும்மா கிடந்தது. நம்ம சந்தன வேம்புக்குப் பங்காளி மரம். உள்ளே மோந்தால் இன்னும் லேசாக வாசம்.

கடைக்காரர் 1890 என்று அடித்துச் சொன்னார். நான் சக்கரத்தை அளந்தேன். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும் என்று நீ சொல்வாயே? வட்டமாக இருந்த சக்கரம் குறுக்கில் அரை நூல் அளவு சுருங்கியிருக்கிறது, ஆக பழசுதான். ஆனால் அடியில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ! அது சந்தைக்கு வந்ததே 1930-களில். அச்சு கழன்றபோது யாரோ முடுக்கியிருப்பார்கள். அதைக் காட்டி விலையைக் குறைத்தேன் என்பது வேறு கதை.

மருமகள் புது பெயின்ட் அடிக்கச் சொல்கிறாள். விடவில்லை. இங்கே பழைய பெயின்ட்டில் கை வைத்தால் மதிப்பே போச்சு. அதோடு, கூரை ஓரத்தில் எந்தப் பிள்ளையோ பிடித்துப் பிடித்துச் சிவப்பு தேய்ந்து மரம் தெரிகிறது. அதை எப்படி மூடுவது?

ஒரு ஏர்க்கால் மட்டும் விரிசல் விட்டிருக்கிறது. வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டவா, ஃபெவிகால் போதுமா? மகனைக் கேட்காமல் நீயே எழுது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

உன் மச்சான்