வீட்டுக் கடன் வட்டியில் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய வங்கி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் நம் ஜார்ஜ்டவுன் கிளையில் முகப்பு ஊழியர்களை ஒவ்வொருவராக மேல்மாடிக்கு அழைத்து வி.எஸ்.எஸ். (இழப்பீடு வாங்கிக்கொண்டு விருப்பப் பணிவிலகல்) கடிதத்தைக் கையில் கொடுத்தீர்கள். கிளைகளை ஏன் இணைக்கிறீர்கள், ஆளை ஏன் குறைக்கிறீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் கேட்க வந்தது ஒன்றுதான். வெளியே போகிறவர்களின் வீட்டுக் கடனுக்கு இப்போதுள்ள ஊழியர் வட்டியே, அதாவது ஊழியர்களுக்கான சலுகை வட்டியே, கடைசித் தவணை வரை தொடர வேண்டும்.

இழப்பீட்டுத் தொகை கடிதத்தின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது. வேலை முடிந்த மறுமாதமே சலுகை வட்டி நின்றுவிடும் என்பது கடைசிப் பக்கத்தில், ஒரே வரியில். பக்கத்து முகப்பில் இருக்கும் அக்கா புக்கிட் மெர்தாஜாமில் வீடு வாங்கியவர். அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. பணம் போடும் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். மாதத் தவணை 200 மலேசிய வெள்ளிக்கு மேல் ஏறுகிறது. அவருக்கு வயது 49, கடன் முடிய இன்னும் 11 ஆண்டு. ஓய்வு வயது 60 என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கணக்கில்தான் நீங்கள் கடன் கொடுத்தீர்கள், அவரும் வாங்கினார்.

வேலை இழந்தவர்களுக்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தரும் பணம் கிடைக்குமே என்கிறார்கள் மனிதவளப் பிரிவில். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, ஆறாம் மாதம் 30 விழுக்காடு. அதற்குப் பிறகு?

தானாக வேறு வேலை தேடிப் போகிறவருக்குச் சலுகையை நிறுத்துங்கள், அதில் நியாயம் உண்டு. நீங்களாக அனுப்புகிறவருக்கும் அதே விதியா? வீட்டுப் பத்திரம் உங்களிடம்தானே அடமானமாக இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோசடியைத் தடுக்க, எஸ்.எம்.எஸ். வழி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணை வங்கிகள் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்தது. அப்போது கைப்பேசியை நீட்டிய தாத்தா பாட்டிகளுக்கெல்லாம் பொறுமையாக வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான். வரிசை குறைந்தது. அந்தக் குறைந்த வரிசையைக் காட்டித்தான் இப்போது எங்களுக்கு வேலை இல்லை என்கிறீர்கள். இது வலிக்கிறது.

சரி, ஆட்குறைப்பை நிறுத்த எங்களால் முடியாமல் போகலாம். வட்டியை அப்படியே விட உங்களால் முடியும். கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை கெடு வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் தள்ளிவைத்து, தொழிற்சங்கத்தை அழைத்துப் பேசுங்கள். ஊழியர் வட்டி மாறாது என்று முதலில் எழுத்தில் கொடுங்கள். அப்புறம் கையெழுத்துக் கேளுங்கள்.

பணிவுடன்,
முகப்பு ஊழியர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு