நீ அங்கே நன்றாகத் தூங்க வேண்டியதில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ கேட்டது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "உடம்பெல்லாம் வயரை ஒட்டிக்கொண்டு, தெரியாத இடத்தில், யாரோ கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிப்பா தூக்கம் வரும்? தூங்கவே இல்லை என்றால் டெஸ்ட் வீண்தானே?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. போனில் சொல்லியிருந்தாலும் பாதிதான் சொல்லியிருப்பேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன மாதம்தான் நானும் அதே தூக்கப் பரிசோதனைக்காக அந்தக் கட்டிலில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வந்தேன், எல்லாம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

நீ கேட்டதையேதான் நானும் கேட்டேன். அதையே சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். கடைசியில் போனதற்குக் காரணம், ஒரு நாள் பட்டப்பகலில் சிக்னலில் காரை நிறுத்தியவன் அப்படியே கண் சொக்கிப் போனதுதான். பின்னால் ஹாரன் அடித்தபோதுதான் விழித்தேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். மறுநாளே டாக்டரைக் கூப்பிட்டுத் தேதி வாங்கினேன்.

ராத்திரி எட்டரைக்கு வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் என்று நினைத்துப் போனேன், ஆனால் சாதாரணப் படுக்கையறை மாதிரிதான் இருந்தது. கட்டில், விளக்கு, ஒட்டியே பாத்ரூம், மேலே மூலையில் ஒரு சின்ன கேமரா. அன்று மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம், பகலில் தூங்க வேண்டாம், தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெயோ ஜெல்லோ எதுவும் தடவாமல் வாருங்கள், வழக்கமான மாத்திரைகளைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். உனக்கும் இதையேதான் சொல்வார்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடு, விரலில் மாட்டும் கருவிக்கு அது இடைஞ்சல். உன் தலையணையை எடுத்துப் போ. நான் எடுத்துப் போகவில்லை, ராத்திரி முழுக்க அதற்காக வருத்தப்பட்டேன்.

வந்ததும் ஒரு தாளில் எட்டுக் கேள்விகள். உட்கார்ந்து படிக்கும்போது கண் அசருமா, டிவி பார்க்கும்போது, காரில் ஒரு மணி நேரம் போகும்போது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். அதிகபட்சம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம் என்று கணக்கு. எனக்கு 16 வந்தது. நீ உண்மையாகப் போடு பாப்பா. "நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்று குறைத்துப் போடுகிற ஆள் நீ, எனக்குத் தெரியும்.

அப்புறம் வயர் ஒட்டுவது. உனக்கு இதுதான் பயம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். டெக்னீஷியன் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அளவு நாடாவை எடுத்து, மூக்கு ஆரம்பிக்கிற பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரைக்கும், பிறகு இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் அளந்து, தலையில் சிவப்பு மெழுகு பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியிலும் முடியை வகிடு மாதிரி விலக்கி, பஞ்சுக் குச்சியில் நறநறவென்று இருக்கும் ஒரு ஜெல்லைத் தொட்டுத் தேய்த்து, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பேஸ்டை நிரப்பி அழுத்தி, மேலே சின்னத் துணி வைத்தார். ஊசி கிடையாது. ஷாக் அடிக்காது. அந்த வயர்கள் உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை, உடம்பில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கின்றன. பேஸ்ட் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

தலை முடிந்ததும் கண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு, தாடையில், நெஞ்சில் இ.சி.ஜி.க்கு, இரண்டு முழங்காலுக்குக் கீழே, கழுத்தில் குறட்டையைக் கேட்க ஒரு மைக். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட், மூக்கில் மெல்லிய குழாய். எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு மேல். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆனது. நெஞ்சு வயரைக் காலர் எலும்புக்குக் கீழேயும் விலா ஓரத்திலும்தான் ஒட்டுகிறார்கள், உடை கழற்ற வேண்டிய தேவை இல்லை. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும் தொளதொள பேண்டும் போட்டுக்கொண்டு போ. பெண் டெக்னீஷியன்தான் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேள், கேட்கத் தயங்காதே.

என் நெற்றியில் அந்தப் பெண் துணியை அழுத்திக்கொண்டிருந்தபோது டாக்டர் முன்பு சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. கனவு வரும் தூக்கத்தில் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடுகின்றன என்பதைச் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர் கண்டுபிடித்தார், 1953இல் அது வெளிவந்தது. அவர் முதலில் வயர் ஒட்டிப் பார்த்தவர்களில் ஒருவன் அவருடைய சொந்த மகன், எட்டு வயசுப் பையன். கேட்டபோது எனக்கு உன் நினைப்புதான் வந்தது. உனக்கு ஒட்ட வேண்டிய வயரை நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிவிடலாம் என்றால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

படுத்ததும் ஸ்பீக்கரில் குரல் வந்தது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே, கீழே, இடது, வலது பாருங்கள், ஐந்து தடவை சிமிட்டுங்கள், பல்லைக் கடியுங்கள், பாதத்தை ஆட்டுங்கள், கொஞ்சம் மூச்சைப் பிடியுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லா வயரும் வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு விளக்கு அணைந்தது. இருட்டில் என் சுட்டுவிரல் நுனி மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். திரும்பிப் படுக்கலாம், வயர்களைப் பின்னல் மாதிரி சேர்த்துக் கட்டியிருப்பார்கள், இழுக்காது. பாத்ரூம் போக வேண்டும் என்றால் வாய்விட்டுச் சொன்னால் போதும், வந்து ஒரே ஒரு பெட்டியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டி விடுவார்கள். நான் இரண்டு தடவை போனேன். நடு ராத்திரியில் ஒரு வயர் நழுவியது என்று வந்து ஒட்டிவிட்டுப் போனார்.

காலையில் ஆறு மணிக்கு எழுப்பி, எவ்வளவு நேரம் தூங்கியிருப்பீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். நான் ஒரு மணி நேரம் என்று எழுதினேன். அழுகையே வந்துவிட்டது எனக்கு, இவ்வளவு பாடுபட்டும் வீணாகிவிட்டதே என்று. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார், அதுதான் அவர்கள் முறை.

பத்து நாள் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். நான் தூங்கியது ஐந்து மணி பத்து நிமிஷம்! மேலோட்டமான தூக்கத்திலிருந்து விழிப்பவருக்குப் பல நேரம் தான் தூங்கியதே தெரியாதாம், விழித்துக்கொண்டே இருந்ததாகத்தான் தோன்றுமாம். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் கெடுவது அவர்களுக்குப் பழகிய விஷயம். வழக்கமாகத் தூங்குவது மாதிரி தூங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, சில மணி நேரம் கிடைத்தாலே பெரும்பாலும் போதும். நீ நேற்று கேட்டதற்குப் பதில் இதுதான் பாப்பா. அங்கே போய் மோசமாகத் தூங்கு, பரவாயில்லை.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அதற்கடுத்து அவர் காட்டியதை. ராத்திரி முழுவதையும் 30 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் விழிப்பா, எந்த வகைத் தூக்கம் என்று குறித்திருந்தார்கள். மூச்சைப் பார்க்க மட்டும் அவர் இரண்டு நிமிஷத்தை ஒரே திரையில் விரித்தார். மூக்குக் காற்றின் கோடு அலை அலையாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று தட்டையாகிவிட்டது. ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. அதற்குக் கீழே இரண்டு பெல்ட் கோடுகள் மட்டும் நிற்கவில்லை, நெஞ்சு ஏறும்போது வயிறு இறங்கி, வயிறு ஏறும்போது நெஞ்சு இறங்கி, ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. தொண்டை ஒட்டிக்கொண்டுவிட்டது, உடம்பு மூச்சிழுக்கப் போராடுகிறது, காற்று போகவில்லை என்றார். 48 வினாடி. ஆக்சிஜன் கோடு கொஞ்சம் தாமதமாகத்தான் கீழே இறங்க ஆரம்பித்தது, 94 சதவீதத்திலிருந்து 79 வரை போனது. அப்புறம் தலை வயர் காட்டும் மூளைக்கோடு சட்டென்று கறுத்து அடர்ந்தது, தாடைக்கோடு துள்ளியது, பெரிய மூச்சு ஒன்று வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியாது. அடுத்த நிமிஷமே மறுபடியும் அதே தட்டைக் கோடு.

மூச்சு 10 வினாடியாவது நின்றால்தான் கணக்கில் எடுப்பார்கள், குறைந்து போவதையும் சேர்த்து எண்ணுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து தடவைக்குக் கீழே என்றால் சரி, 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு மணிக்கு 34. மல்லாந்து படுத்தபோதும் கனவுத் தூக்கத்திலும் இன்னும் அதிகம், ஏனென்றால் மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிகிறது, கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து போகின்றன.

அந்தத் திரையைப் பார்க்கும்போது அம்மாவைத்தான் நினைத்தேன். எத்தனை வருஷம் ராத்திரியில் என் தோளைத் தட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பாள், நான் எத்தனை தடவை "தூங்குகிறவனை ஏன் எழுப்புகிறாய்" என்று அவள் மேல் எரிந்து விழுந்திருப்பேன். அந்த 48 வினாடியை அவள் பக்கத்தில் படுத்தபடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "நான் உன் மூக்குக்கு முன்னால் கை வைத்துப் பார்ப்பேன்" என்றாள்.

இப்போது நீ. காலையில் எழும்போதே தலைவலி, எட்டு மணி நேரம் படுத்தும் அசதி போகவில்லை, நடு ராத்திரி காரணமில்லாமல் விழிப்பு வருகிறது என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய். மாப்பிள்ளை நீ மெல்லக் குறட்டை விடுவதாகச் சொன்னாராம், நீ கோபித்துக்கொண்டாயாம். கோபித்துக்கொள்ளாதே. பெண்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் இந்தக் கோளாறு பலமான குறட்டையாக வராமல் அசதி, தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்றுதான் வெளியே தெரியும் பல நேரம், அதனால் வேலைப்பளு என்று தள்ளிவிடுகிறார்கள். உன்னையும் அப்படித்தானே முதலில் சொல்லி அனுப்பினார்கள்? வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவியும் உண்டு, சிலருக்கு அதுவே போதும். ஆனால் அதில் பெரும்பாலும் தலை வயர் இருக்காது, நீ தூங்கினாயா விழித்திருந்தாயா என்று அதற்குத் தெரியாது. உன் டாக்டர் முழு டெஸ்ட் வேண்டும் என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

உனக்கு ஒன்றுமே இல்லை என்றும் வரலாம், அப்படி வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை. இருக்கிறது என்று வந்தாலும் வழி இருக்கிறது. எனக்கு இன்னொரு ராத்திரி வரச் சொல்லி, முகமூடி மாட்டி, எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று பார்த்து மெஷின் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981இல் வெளியிட்ட முறை அது, மருந்து எதுவும் இல்லை, வெறும் காற்றுதான் தொண்டையை மூடவிடாமல் தாங்குகிறது. முதல் வாரம் சிரமப்பட்டேன், ஒரு முகமூடியை மாற்றினேன். இப்போது காலையில் தலை லேசாக இருக்கிறது. அம்மாவும் தூங்குகிறாள்.

அதனால் நாளைக்கே கூப்பிட்டுத் தேதி வாங்கு. குழந்தையை யார் பார்ப்பது என்று சாக்குச் சொல்லாதே, முந்தின நாளே நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம். காலையில் தலையெல்லாம் பேஸ்டோடு வீட்டுக்கு வருவாய், காய்ந்ததும் கெட்டியாகிவிடும், நகத்தால் சுரண்டாதே, முடி பிய்ந்து வரும். வெந்நீரில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் மேலே வைத்து ஊறவிட்டு மெல்ல எடுக்க வேண்டும். எனக்கு அம்மாதான் எடுத்துவிட்டாள், உனக்கும் எடுத்துவிடுகிறேன் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா