டைமெட்ரோடான் டைனோசர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகெலும்பிகளின் பரிணாமம் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் மீன்கள் கரையேறிய பகுதி சிறப்பாக இருந்தது. அதற்குப் பிந்தைய பகுதியிலும் படத்திலும்தான் பிழை. மீன், தவளை, பல்லி, டைனோசர், எலி, மனிதன் என ஒரே ஏணியின் படிகளாக அடுக்கிவிட்டார்கள். முதுகில் கப்பற்பாய் போல விரிந்த அமைப்புள்ள டைமெட்ரோடான் என்ற பழங்கால விலங்கையும் டைனோசர் கூட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மாணவர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பக்கம் இது, அப்படியே விடக்கூடாது.

டைமெட்ரோடான் வாழ்ந்தது சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. டைனோசர்கள் தோன்றியது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். காலம் மட்டுமல்ல, கிளையே வேறு. நிலத்தில் முட்டையிடத் தொடங்கிய முதுகெலும்பிகள் சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாகப் பிரிந்தன. பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், பறவை எல்லாம் சாராப்சிட் கிளை. டைமெட்ரோடானும் பாலூட்டிகளும் சினாப்சிட் கிளை. எந்த டைனோசரையும்விட அது நமக்கே நெருங்கிய உறவு. பல்லியிலிருந்து எலி வரவில்லை; இன்றைய தவளையும் நம் மூதாதை அல்ல.

எந்தக் கிளை என்பதற்கான அடையாளம் மண்டையோட்டில் இருக்கிறது. சினாப்சிட்டுகளுக்குக் கண்குழிக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே துளை, டைனோசர்களுக்கு இரண்டு. நெற்றிப் பொட்டில் விரல் வைத்துப் பற்களைக் கடித்தால் ஒரு தசை புடைக்கும். அந்தத் தாடைத் தசைக்கு இடம் தந்த துளைதான் அது. அதன் கீழ் விளிம்பே நம் கன்ன எலும்பு வளைவாக இன்றும் நிற்கிறது.

கட்டுரை தொடாமலே விட்ட தாடைதான் இந்த வரலாற்றின் மிக அருமையான பகுதி. பழைய சினாப்சிட்டுகளின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. பின்கோடியிலுள்ள ஆர்டிகுலர் எலும்பு, மேலே மண்டையோட்டிலுள்ள குவாட்ரேட் எலும்போடு மூட்டாக இணைந்தது. கீழ்த்தாடையில் பற்களைத் தாங்கிய, தசைகள் பற்றிக்கொண்ட பல்லெலும்பு தலைமுறை தலைமுறையாகப் பெரிதாகிப் பின்னோக்கி நீண்டது, மற்றவை சிறுத்தன. கடைசியில் பல்லெலும்பே மண்டையோட்டைத் தொட்டுப் புது மூட்டை அமைத்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மார்கனுகோடான் என்ற எலி போன்ற சிறு சினாப்சிட்டில் இரண்டு மூட்டுகளும் அருகருகே இருந்தன. இடைநிலை உயிரி எங்கே என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

தாடை வேலையிலிருந்து விடுபட்ட அந்த எலும்புகள் வீணாகவில்லை. ஆர்டிகுலர் நடுச்செவியின் சுத்தி எலும்பானது, குவாட்ரேட் பட்டடை எலும்பானது. கருவளர்ச்சியைக் கவனித்து ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ரைகெர்ட் இதை 1837-லேயே சொல்லிவிட்டார். புதைபடிவங்கள் பின்னர் உறுதிசெய்தன. பிறந்தவுடன் பார்த்தால் அப்போசம் என்ற பைப்பாலூட்டிக் குட்டியின் சுத்தி எலும்பு இன்னும் குருத்தெலும்பால் கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கும், வளரும்போதுதான் பிரியும்.

டைனோசர்கள் அழிந்த பிறகே பாலூட்டிகள் வந்தன என்ற வரியும் தவறு. இரண்டும் 13 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தன. சீனாவில் கிடைத்த ரெபெனோமாமஸ் என்ற பாலூட்டியின் வயிற்றுப் பகுதியில் குட்டி டைனோசரின் எலும்புகளே இருந்தன!

படத்தைத் திருத்தி வரைவது கடினமல்ல. 2 கோடி ஆண்டுகளுக்கு 1 செ.மீ. என்று வைத்தால் 52 கோடி ஆண்டுகளும் 26 செ.மீ.-இல் அடங்கும். இன்றிலிருந்து 16 செ.மீ. கீழே கிளை பிரியட்டும், டைமெட்ரோடான் 14.5 செ.மீ.-இல், பாலூட்டிகளின் பக்கம். டைனோசர்கள் எதிர்க்கிளையில் 11.5-இல் தொடங்கட்டும். மற்ற டைனோசர்கள் அழிந்த 3.3-இல் அந்தக் கிளையை முழுதாக வெட்டிவிட வேண்டாம்: பறவைகள் வழியாக அது இன்றுவரை நீள்கிறது. அடுத்த இதழிலேயே இந்தத் திருத்தப்பட்ட படத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்